பட்டின் பதமும் ஊர்தியின் குளிரும்: ஆரணியை முன்வைத்துக் காற்றுப்பதனத்தின் வரலாறும் பழுதறிதலும்

ஆய்வுச் சுருக்கம்

மகிழுந்தின் காற்றுப்பதன அமைப்பு குளிரை உண்டாக்கும் கருவி என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் அதன் வரலாறு, ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைக்கும் முயற்சியிலிருந்து தொடங்குகிறது. அம்முயற்சியின் முதன்மைக் களங்களுள் ஒன்று நெசவு. பட்டு நெசவூரான ஆரணியின் தறிக்கூட நடைமுறையைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு, காற்றுப்பதனம் என்னும் கருத்து நெசவாலையிலிருந்து ஊர்திக்குள் வந்த வழியையும், குளிர்பதன வளிமங்கள் மாறிய வரலாற்றையும், அம்மாற்றங்கள் பழுதறியும் முறையில் விட்டுச்சென்ற அடுக்குகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. ஈரத்தை மறந்து குளிரை மட்டும் தேடும் பழுதுநீக்கம் நிலைக்காது என்பதும், அதன் விளைவு ஊர்தி உரிமையாளரோடு நின்றுவிடுவதில்லை என்பதும் இதன் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: ஆரணி, பட்டு நெசவு, ஈரப்பதம், காற்றுப்பதனம், குளிர்பதன வளிமம், பழுதறிதல், நுட்ப வரலாறு.

1. முன்னுரை

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, அரசியல் வரலாற்றில் 1751ஆம் ஆண்டுப் போராலும் பின்னைய ஜாகீர் ஆட்சியாலும் அறியப்படுவது. பொருளியல் வரலாற்றில் அதன் பெயர் பட்டுச் சேலையோடும் நெல் ஆலைகளோடும் இணைந்தது. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற கைவினைப் பொருளாகும். இத்தகைய ஊரைப் பற்றிய ஆய்வுகள் நெசவாளர் வாழ்நிலை, கூட்டுறவு அமைப்பு, சேலை வடிவமைப்பு ஆகியவற்றைப் பேசுகின்றன. தறிக்கூடத்தின் காற்று அவ்வாய்வுகளில் அரிதாகவே இடம்பெறுகிறது.

ஊர்திப் பழுதுநீக்கமும் இதே நிலையில் உள்ளது. தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் சிறுநகரங்களிலும் இயங்கும் பணிமனைகள் கடந்த நாற்பது ஆண்டுகளாகப் பெரும் நுட்ப மாற்றங்களை எதிர்கொண்டு வந்துள்ளன. அங்குத் திரண்ட அறிவு பெரும்பாலும் ஆசான்–மாணாக்கர் வழியாகக் கைமாறுவது, நூலேறாதது. இவ்விரு அறிவுகளும் தொடர்பற்றவையாகத் தோன்றினும் ஒரே கருத்தின் கிளைகள் என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். அக்கருத்தைத் தமிழ் ‘பதம்’ என்னும் ஒரு சொல்லால் சுட்டுகிறது.

பதம் என்பது ஏற்ற நிலை, பக்குவம் ஆகிய பொருள்களில் வழங்குவது. பாகின் பதம், களியின் பதம், கத்தியின் பதம் என்பன நாள்தோறும் புழங்கும் தொடர்கள். காற்றில் கலந்துள்ள நீராவியின் அளவைக் குறிக்க நாம் ஆளும் சொல் ‘ஈரப்பதம்’. உணவைக் கெடாமல் காப்பது ‘பதப்படுத்துதல்’. வெப்பத்தை அகற்றும் நுட்பம் ‘குளிர்பதனம்’. ஒன்றின் நிலையைச் சோதித்தறிவது ‘பதம் பார்த்தல்’. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழி இச்சோதனை முறையையே சொல்கிறது. ஈரம், ஏற்ற நிலை, சோதனை ஆகிய மூன்றும் இச்சொற்குடும்பத்தில் ஒன்றுசேர்வது பின்வரும் வரலாற்றுக்குப் பொருத்தமான நுழைவாயிலாகும்.

2. தறிக்கூடத்தின் பதம்

பட்டு, காற்றிலுள்ள ஈரத்தை எளிதில் உறிஞ்சும் இழை. உலர்ந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை ஏற்ற பின்னும் அது கைக்கு நனைந்ததாகத் தோன்றாது. காற்று மிகவும் வறண்டிருந்தால் இழை விறைத்து நெகிழ்ச்சி இழக்கும், உராய்வால் மின்னூட்டம் ஏறி இழைகள் பிரிந்து நிற்கும், பாவு அறும். காற்றில் ஈரம் மிகுந்தால் கஞ்சியிட்ட பாவு உலராது. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டும். நெசவுக்கு ஏற்ற காற்று இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது.

வட தமிழ்நாட்டுச் சமவெளியில் அமைந்த ஆரணியில் கோடை வெப்பம் 40 பாகை செல்சியசை எட்டக்கூடியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஒரே ஆண்டுக்குள் வறட்சி, ஈரம் ஆகிய இரு எல்லைகளையும் தறி சந்திக்கிறது. இதற்கு மரபான விடைகளுள் முதன்மையானது குழித்தறி. நெசவாளர் குழியின் விளிம்பில் அமர்ந்து, குழிக்குள் கால்களை இறக்கி மிதிகட்டைகளை இயக்குவார். இதனால் பாவு நிலமட்டத்தை ஒட்டியே நிற்கும். மண்ணின் ஈரமும் தண்மையும் அப்பரப்பில் தங்குவதால், மேலே வீசும் உலர்காற்றின் தாக்கம் குறைகிறது. மண்தரையில் நீர் தெளிப்பதும் இதே நோக்குடையது. பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சியிட்டு உலர்த்தும் பணி வெயில் ஏறுவதற்கு முன் அதிகாலையில் தொடங்குவதற்கும் காரணம் இதுவே: கடும் வெயிலில் கஞ்சி சீராகப் படிவதற்கு முன் காய்ந்துவிடும்.

இந்த அமைப்புக்கு எல்லையும் உண்டு. மழைக்காலத்தில் குழிக்குள் நீர் ஊறினால் தறி நிற்கும்; பாவு உலராத நாள்களில் கூலியும் இல்லை. குழித்தறியால் வறண்ட காற்றுக்கு ஈரம் சேர்க்க முடியும். ஈரக்காற்றிலிருந்து ஈரத்தை அகற்ற முடியாது. உலகின் பிற பகுதிகளிலும் நெசவுத்தொழில் இவ்விரு தேவைகளையும் எதிர்கொண்டது. அவற்றுக்கான விடைகள் வெவ்வேறு காலங்களில் கிடைத்தன.

3. ‘கண்டிஷனிங்’ என்னும் சொல்லின் நெசவு மூலம்

பட்டு எடைக்கு விற்கப்படும் பொருள். உலர்ந்த நிலையில் 100 கிலோ உள்ள பட்டு, பின்னாளில் வணிகத்தில் நிலைபெற்ற 11 விழுக்காட்டு ஈர அளவின்படி 111 கிலோ எடை கொள்ளும். அதையே ஈரமான அறையில் வைத்து 20 விழுக்காடு ஈரம் ஏறவிட்டால் 120 கிலோவாகும். வாங்குபவர் 9 கிலோ நீருக்குப் பட்டின் விலையைக் கொடுக்க நேரும். ஐரோப்பியப் பட்டு வணிகத்தில் இச்சிக்கல் நெடுங்காலமாக வழக்குகளுக்கு இடமளித்தது. இதைத் தீர்க்கப் பிரான்சின் லியோன் நகரில் 1805ஆம் ஆண்டு நெப்போலியனின் ஆணையால் பொதுப் பட்டுச் சோதனைக் கூடம் நிறுவப்பட்டது. அங்குப் பட்டின் ஈரநிலை அறியப்பட்டு, நேர்மையான எடை சான்றளிக்கப்பட்டது. மாதிரியை முற்றிலும் உலர்த்தி எடையிட்டு, அதனோடு வரையறுத்த ஈர அளவைக் கூட்டிக் கணக்கிடும் முறை 19ஆம் நூற்றாண்டின் போக்கில் வளர்ந்தது. நூலின் ஈரநிலையை ஒழுங்குபடுத்தும் இச்செயலே நெசவுத் துறையில் ‘கண்டிஷனிங்’ எனப்பட்டது.

நூலிலிருந்து காற்றுக்கு இச்சொல் பெயர்ந்தது 1906இல். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துச் சார்லட் நகரைச் சார்ந்த நெசவாலைப் பொறியாளர் ஸ்டூவர்ட் கிரேமர், ஆலைக் காற்றுக்கு ஈரமூட்டிச் சீராக்கும் தம் முறைக்கு ‘ஏர் கண்டிஷனிங்’ எனப் பெயரிட்டார். நூலைப் பதப்படுத்துவது போலக் காற்றைப் பதப்படுத்துதல் என்பதே அப்பெயரின் உட்கிடை. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1902இல், வில்லிஸ் கேரியர் புரூக்ளினிலிருந்த அச்சகம் ஒன்றிற்குக் காற்றுச் சீராக்கும் அமைப்பை வடிவமைத்திருந்தார். அங்கும் தொழிலாளரின் வெக்கையைத் தணிப்பது நோக்கமன்று. ஈரத்தால் தாள் விரிந்து சுருங்கியதில் வண்ணங்கள் இடம்பிறழ்ந்து பதிந்தமையே சிக்கல். குளிர்ந்த குழாய்ச் சுருள்களின்மேல் காற்றைச் செலுத்தி, அதிலுள்ள நீராவியைத் துளிகளாக வடியச்செய்து அவர் ஈரத்தை அகற்றினார். குளிர் அங்கே ஈரத்தை அகற்றும் வழிமுறை. 1911இல் அவர் வெளியிட்ட ஈரக்காற்றுச் சமன்பாடுகள் இத்துறைக்குக் கணித அடிப்படை அமைத்தன.

கிரேமர் வறண்ட காற்றுக்கு ஈரமூட்டினார். கேரியர் ஈரக்காற்றை உலர்த்தினார். ஆரணியின் குழித்தறி முதல் பணியைத் தன் அளவில் செய்துவந்தது. இரண்டாவது பணிக்கு எந்திரம் தேவைப்பட்டது. ஊர்திக்குள் புகுந்தது இந்த இரண்டாவது மரபே.

4. ஊர்திக்குள் வந்த காற்றுப்பதனம்

அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1939இன் இறுதியில் அறிமுகம் செய்த 1940ஆம் ஆண்டு வகை மகிழுந்துகளில் காற்றுப்பதனம் விருப்பத் தேர்வாக முதன்முதலில் ஆலையிலிருந்தே வழங்கப்பட்டது. அதன் குளிர்ச்சுருள் பின்புறச் சரக்கறைப் பக்கம் இருந்தது. கம்ப்ரசரைப் பிரித்து நிறுத்தும் கிளட்ச் அதில் இல்லை. குளிர் வேண்டாத காலத்தில் இயக்கப் பட்டையைக் கழற்றிவைக்க வேண்டும். 1954இல் நாஷ் நிறுவனம் வெப்பமூட்டல், குளிரூட்டல், காற்றோட்டம் மூன்றையும் ஊர்தியின் முன்பகுதியிலேயே ஒருங்கிணைத்தது. 1964ஆம் ஆண்டு வகைக் காடிலாக் ஊர்திகளில், ஓட்டுநர் ஒரு வெப்பநிலையைக் குறித்தால் அமைப்பு தானாகவே அதைக் காக்கும் முறை வந்தது. இன்று தானியங்கித் தட்பவெப்பக் கட்டுப்பாடு எனப்படும் அமைப்பின் தொடக்கம் அது.

இந்தியாவில் அம்பாசிடர், பிரிமியர் பத்மினி ஆகியவை கோலோச்சிய பல ஆண்டுகளில் காற்றுப்பதனம் பெரும்பாலும் ஊர்தி வாங்கிய பின் பணிமனையில் பொருத்தப்பட்ட தனி உறுப்பாகவே இருந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்ததும், 1985இல் ஊர்திக் காற்றுப்பதனத்துக்கெனச் சுப்ரோஸ் நிறுவனம் ஜப்பானிய நிறுவனங்களான டென்சோ, சுசுகி ஆகியவற்றின் கூட்டோடு தொடங்கப்பட்டதும் திருப்பங்களாயின. தமிழ்நாட்டில் 1990களின் பிற்பகுதியில் மறைமலைநகரில் ஃபோர்டும் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் ஆலை அமைத்தன. 1998இல் சான்ட்ரோ சாலைக்கு வந்தது. ஆரணியிலிருந்து ஓரிரு மணி நேரப் பயணத் தொலைவில் ஊர்தித் தொழில் வட்டாரம் ஒன்று உருவாயிற்று. காற்றுப்பதனம் செல்வரின் மிகைப்பொருள் என்ற நிலை மாறி நடுத்தரக் குடும்பத்து ஊர்தியின் இயல்பான உறுப்பானது. விற்பனை பெருநகரில் நிகழ்ந்தாலும், உத்தரவாதக் காலம் முடிந்த ஊர்தி வந்து நிற்பது சிறுநகரப் பணிமனையின் வாயிலில். நுட்பத்தின் பரவலை விற்பனைக் கணக்கால் மட்டும் அளப்பது இதனால் போதாது. பழுதுநீக்கம் நிகழும் இடத்தையும் வரலாறு கருத வேண்டும்.

5. வளிமங்களின் மாற்றம்

ஊர்திக் காற்றுப்பதனத்தைப் பரவலாக்கிய வேதிப்பொருள் ஆர்-12 என்னும் குளோரோஃபுளோரோகார்பன். ஜெனரல் மோட்டார்சின் துணை நிறுவனத்துக்காகத் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் உருவாக்கி 1930இல் அறிவித்தது. அதற்கு முன் வழக்கிலிருந்த அமோனியா, சல்ஃபர் டைஆக்சைடு ஆகியவை நச்சுத்தன்மை உடையவை. ஆர்-12 நச்சற்றது, எரியாதது. அதன் நிலைத்த தன்மையே பின்னர்க் குற்றமாயிற்று. அது சிதையாமல் மேல்வளி மண்டலத்தை அடைந்து ஓசோனை அழிக்கும் என மொலினாவும் ரோலண்டும் 1974இல் காட்டினர். அண்டார்டிகாவின் மேல் ஓசோன் குறைவு 1985இல் வெளியிடப்பட்டது. 1987 செப்டம்பர் 16இல் மொன்றியால் நெறிமுறை கையெழுத்தானது. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. 2000ஆம் ஆண்டில் ஓசோனைக் குறைக்கும் பொருள்களுக்கான ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. 2003 தொடக்கத்திலிருந்து புதிய ஊர்திக் காற்றுப்பதனங்களில் ஆர்-12 தடைசெய்யப்பட்டது.

அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ ஓசோனைச் சிதைப்பதில்லை. ஆனால் புவியை வெப்பமாக்கும் ஆற்றல் கரியமில வளிமத்தைப் போல் ஏறத்தாழ 1,430 மடங்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டு ஆணையின்வழி 2017 முதல் எல்லாப் புதிய மகிழுந்துகளிலும் இவ்வாற்றல் 150க்குக் குறைந்த வளிமங்களையே அனுமதித்தது. 2016இல் கிகாலியில் மொன்றியால் நெறிமுறை திருத்தப்பட்டது. அதனை 2021இல் ஏற்புறுதி செய்த இந்தியா, 2028இல் இவ்வகை வளிமங்களின் நுகர்வை உறையவைத்து, 2032 முதல் படிப்படியாகக் குறைத்து, 2047இல் 85 விழுக்காட்டுக் குறைப்பை எட்ட வேண்டும். அடுத்த வளிமமான ஆர்-1234ஒய்எஃப் வெப்பமாக்கும் ஆற்றல் மிகக் குறைந்தது. ஆனால் ஓரளவு எரியக்கூடியது.

ஒவ்வொரு மாற்றமும் பணிமனையின் கருவிப் பெட்டியை மாற்றியது. ஆர்-12 அமைப்பில் கனிம எண்ணெய். ஆர்-134ஏ-யில் ஈரத்தை விரைந்து உறிஞ்சும் செயற்கை எண்ணெய். இணைப்பு முனைகள் வேறு. குழாய், வளைய அடைப்புகளின் பொருள் வேறு. 1990களின் பிற்பகுதி முதல் சில ஆண்டுகள் இருவகை ஊர்திகளும் ஒரே பணிமனைக்குள் வந்தன. எண்ணெயை மாற்றாமல் வளிமத்தை மட்டும் மாற்றினால் கம்ப்ரசர் உயவின்றித் தேயும். எந்த அமைப்பில் எது இருக்கிறது என்று அறிவதே முதற்சோதனை என்னும் நடைமுறை இக்காலத்தின் பேறு.

6. பழுதறிதலின் மூன்று அடுக்குகள்

இன்றைய மகிழுந்தின் தானியங்கிக் காற்றுப்பதனம் குளிர்தரவில்லை எனில், பழுது மூன்று அடுக்குகளில் எங்கும் இருக்கலாம். அவை காற்றின் அடுக்கு, சுற்றின் அடுக்கு, குறிகையின் அடுக்கு. இம்மூன்றும் மேலே கண்ட வரலாற்றின் படிவுகளே.

6.1 காற்றின் அடுக்கு

விசிறி, கேபின் வடிகட்டி, கண்டென்சர், காற்றை வெப்பச் சுருளுக்கும் குளிர்ச்சுருளுக்கும் பகிரும் கலப்புக் கதவு ஆகியவை இதில் அடங்கும். கண்டென்சரின் மென்தகடுகளில் தூசு படிந்தால் வெப்பம் வெளியேறாது. ஊர்தி ஓடும்போது குளிரும், நிற்கும்போது குளிராது. ஓட்டத்தில் எதிர்காற்று செய்யும் பணியை நிற்கையில் விசிறி தனியே செய்ய வேண்டியிருப்பதால் இவ்வேறுபாடு. புழுதிச் சாலைகளும் நெல் ஆலைகளும் உள்ள வட்டாரத்தில் இவ்வுறுப்பைக் கழுவிப் பார்ப்பது செலவற்ற முதற்படி. கலப்புக் கதவை இயக்கும் சிறு மோட்டாரின் பற்சக்கரம் உடைந்தால், சுற்று முழுநலத்துடன் இருந்தும் வெப்பக்காற்றே வரும். இடப்பக்கம் ஒரு வெப்பம், வலப்பக்கம் வேறு வெப்பம் வரும் ஊர்திகளில் ஒரு பக்கம் மட்டும் பழுதுபடுவது இதன் அடையாளங்களுள் ஒன்று.

குளிர்ச்சுருளில் படியும் நீர் வடிகுழாய்வழி வெளியேற வேண்டும். நீராவி ஒரு லிட்டர் நீராக மாறும்போது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை விடுகிறது. அதையும் அமைப்பே அகற்றியாக வேண்டும். ஈரமான நாளில் குளிர் குறைவாகத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம்; அது பழுதன்று. வடிகுழாய் அடைபட்டால் முன்னிருக்கையின் காலடி விரிப்பு நனையும். சுருளில் பூஞ்சை வளர்ந்து புளித்த வாடை வீசும். மழைக்காலத்தில் முன்கண்ணாடியில் படியும் மங்கலைப் போக்கக் கம்ப்ரசர் இயங்குவதும் உலர்த்துவதற்கே. தறிக்குழிக்குள் நீர் ஊறும் அதே மாதங்களில், மகிழுந்துக்குள் இக்கருவி தன் மூலப்பணிக்குத் திரும்புகிறது.

6.2 சுற்றின் அடுக்கு

கம்ப்ரசர், கண்டென்சர், ட்ரையர், விரிவு வால்வு, கூலிங் காயில் ஆகியவற்றினூடே வளிமம் மூடிய சுற்றாக ஓடுகிறது. இரு பக்க அழுத்தமானிகளின் அளவுகளைச் சேர்த்துப் படிப்பதே இங்குப் பழுதறிதலின் மையம்.

அ) இரு பக்கமும் தாழ்ந்திருந்தால் வளிமம் குறைவு, கசிவு உண்டு.
ஆ) இரு பக்கமும் உயர்ந்திருந்தால் வளிமம் மிகை, அல்லது கண்டென்சரில் காற்றோட்டம் இல்லை.
இ) தாழ்பக்கம் உயர்ந்தும் உயர்பக்கம் தாழ்ந்தும் இருந்தால் கம்ப்ரசர் நலிவுற்றது.
ஈ) முதலில் நன்கு குளிர்ந்து, சிறிது நேரத்தில் தாழ்பக்கம் வெற்றிடம் நோக்கி இறங்கி, நிறுத்திவைத்தபின் மீண்டும் சீரானால் சுற்றுக்குள் ஈரம் புகுந்து விரிவு வால்வின் நுண்துளையில் உறைகிறது.

நிறுத்திய நிலையில் காணும் அழுத்தம் வளிமத்தின் அளவைக் காட்டாது என்பது அடிக்கடி மறக்கப்படும் உண்மை. 30 பாகை செல்சியசில் ஆர்-134ஏ-யின் தெவிட்டிய அழுத்தம் மானியில் ஏறத்தாழ 97 பி.எஸ்.ஐ. சுற்றில் ஒரு துளி நீர்மம் எஞ்சியிருக்கும்வரை, நிறைந்த ஊர்தியும் பாதி கசிந்த ஊர்தியும் இதே அளவையே காட்டும். இதனைவிடத் தெளிவாகத் தாழ்ந்திருந்தால் நீர்மம் முற்றிலும் தீர்ந்தது. உயர்ந்திருந்தால் காற்றோ வேறு வளிமமோ கலந்தது. ஆகவே நிரப்பும் அளவை எடையால் மட்டுமே உறுதிசெய்ய இயலும். ஈரம் கலந்த பட்டின் மதிப்பைக் கையால் தொட்டுச் சொல்ல முடியாமல் லியோன் வணிகர் தராசை நாடியதும் இத்தகைய காரணத்தாலேயே.

சுற்றுக்குள் புகுந்த ஈரம் வளிமத்தோடும் எண்ணெயோடும் வினைபுரிந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். இதைத் தடுக்கவே ட்ரையரில் ஈரம் உறிஞ்சும் மணிகள் வைக்கப்படுகின்றன. சுற்றைத் திறந்தபின் ட்ரையரை மாற்றுவதும், வெற்றிடப் பம்பால் காற்றை இழுப்பதும் அடிப்படை விதிகள். 30 பாகையில் நீரின் ஆவியழுத்தம் ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் பாதரசம். அதற்கும் கீழே அழுத்தத்தைத் தாழ்த்தினால்தான் உள்ளிருக்கும் நீர் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். சில நிமிடங்கள் மட்டும் பம்பை ஓட்டினால் காற்று போகும், ஈரம் தங்கும். பம்பை நிறுத்தியபின் வெற்றிடம் நிலைக்கிறதா எனக் காத்திருந்து பார்ப்பது கசிவுச் சோதனையாகவும் அமைகிறது. நைட்ரஜன் அழுத்தமும் சோப்பு நுரையும், புறஊதா ஒளியில் மிளிரும் சாயம், மின்னணுக் கசிவுகாட்டி ஆகியவை கசிவிடத்தைச் சுட்டும் பிற முறைகள்.

கசிவைத் தேடாமல் ‘கேஸ் ஏற்றி’ அனுப்புவது விரைவான வழி. மலிவானதும்கூட, முதல் முறைக்கு மட்டும். சிறு மகிழுந்து ஒன்றில் 450 கிராம் ஆர்-134ஏ உள்ளது எனக் கொண்டால், அது முழுதும் கசிவது ஏறத்தாழ 640 கிலோ கரியமில வளிமத்துக்கு ஈடு. ஏறக்குறைய 280 லிட்டர் பெட்ரோல் எரிவதால் எழும் அளவு அது. ஒவ்வொரு கோடையிலும் நிரப்பி ஒவ்வொரு கோடையிலும் கசியும் ஊர்தியின் கணக்கு ஆண்டுதோறும் இதனோடு கூடுகிறது.

6.3 குறிகையின் அடுக்கு

1964இல் தொடங்கிய தானியங்குமுறை, இன்று உள்வெப்ப உணரி, புறவெப்ப உணரி, வெயில் உணரி, குளிர்ச்சுருள் உணரி, அழுத்த உணரி ஆகியவற்றின் தரவைக் கட்டுப்பாட்டு அலகுக்குத் தருகிறது. அலகு விசிறியின் வேகம், கதவுகளின் நிலை, கம்ப்ரசரின் இயக்கம் ஆகியவற்றை முடிவுசெய்கிறது. பழுது நேர்ந்தால் குறியீட்டெண் ஒன்றைப் பதிவு செய்கிறது. ஸ்கேனர் கருவி அதைப் படிக்கிறது.

குறியீட்டெண் விளைவைச் சுட்டலாம். காரணத்தைச் சுட்ட வேண்டுவதில்லை. அழுத்தம் தாழ்வு என்னும் எண்ணைக் கண்டு அழுத்த உணரியை மாற்றினால், கசிவு அப்படியே இருக்க உணரியின் விலை மட்டும் செலவாகும். உள்வெப்ப உணரிக்குக் காற்றை இழுக்கும் சிறுதுளை தூசால் அடைபட்டால், உணரி பழுதற்றதாகவே இருந்து தவறான வெப்பநிலையை அறிவிக்கும். எந்த எண்ணும் பதிவாகாமலே அமைப்பு பிழையாக இயங்கும். குளிர்ச்சுருள் உணரி உண்மை அளவைவிட வெப்பமாகக் காட்டினால், கம்ப்ரசர் நிற்காமல் ஓடிச் சுருளில் பனி படிந்து காற்றோட்டம் குன்றும். இவ்வறிகுறி, வால்வில் ஈரம் உறையும் பழுதைப் பெரிதும் ஒத்தது: இரண்டிலும் முதலில் குளிர், பின்னர் இன்மை, ஓய்வுக்குப்பின் மீட்சி. காற்று வரும் வேகம் குறைந்தால் சுருளில் பனி. வேகம் மாறாமல் குளிர் மட்டும் மறைந்தால் வால்வில் ஈரம். ஒரு கருவியும் இன்றிக் கையால் பதம் பார்த்தே இவ்வேறுபாட்டை அறியலாம்; பின்னர் அழுத்தமானியால் உறுதிசெய்யலாம். புதிய அடுக்கு பழைய அடுக்கின் அறிவை நீக்கவில்லை. அதன் மேலேறி நிற்கிறது.

7. சொல்லும் பயிற்சியும்

பணிமனைத் தமிழில் கூலிங் காயில், கேஸ், கேஜ், ட்ரையர் ஆகியன நிலைபெற்ற சொற்கள். இவற்றை அகற்ற வேண்டிய தேவையில்லை. ஆயினும் ‘கேஸ் இல்லை’, ‘கூலிங் இல்லை’ என்னும் இரு தொடர்களுக்குள் எல்லாப் பழுதும் அடக்கப்படும்போது, ஈரம் பேச்சிலிருந்து விலகிவிடுகிறது. ‘குளிர்சாதனம்’ என்னும் பொதுவழக்கும் குளிரை மட்டுமே முன்னிறுத்துகிறது. காற்றுப்பதனம் என்னும் சொல் பயன்பாட்டில் நிலைபெற்றால், கருவியின் முழுப்பணியும் பெயரிலேயே விளங்கும்.

தொழிற்பயிற்சி நிலையங்களில் ஊர்தி எந்திரவியல் ஒரு பிரிவு. குளிர்பதனமும் காற்றுப்பதனமும் வேறொரு பிரிவு. ஊர்திக் காற்றுப்பதனம் இவ்விரண்டின் எல்லையில் நிற்பதால், ஒன்றில் எந்திரம் அறிந்தவர் மற்றதில் வளிமம் அறியாதவராகும் வாய்ப்பு உண்டு. குளோரோஃபுளோரோகார்பன் ஒழிப்புக்கான தேசியத் திட்டம் பழுதுநீக்குநர்களுக்குப் பயிற்சியளித்தது இத்துறையில் முன்னுதாரணம். 2019இல் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டமும் பழுதுநீக்குநர் பயிற்சியை முதன்மைக் கூறுகளுள் ஒன்றாகக் கொண்டது. 2025 அக்டோபர் 1 முதல் உற்பத்தியாகும் என்2, என்3 வகைச் சரக்கு ஊர்திகளின் ஓட்டுநர் அறையில் காற்றுப்பதனம் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. நெல்லும் அரிசியும் ஏற்றும் சரக்குந்துகளின் பழுதும் இனிச் சிறுநகரப் பணிமனைக்கே வரும். எரியும் தன்மையுள்ள புதிய வளிமமும் அவ்வாறே வரவிருக்கிறது. அதற்குள் தமிழில் முறையான பயிற்சி நூல்கள் உருவாகவில்லையெனில், 1990களில் எண்ணெய் மாறாமல் வளிமம் மட்டும் மாறிய குழப்பம், இம்முறை தீக்கேட்டின் அச்சத்தோடு திரும்பும்.

8. முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிபுகள் வருமாறு:

1. காற்றுப்பதனம் என்னும் கருத்தும் பெயரும் நெசவுத் துறையின் ஈரக் கட்டுப்பாட்டோடு பிறந்தவை. ஆரணியின் குழித்தறி அதே சிக்கலுக்கு எந்திரமின்றிக் கண்ட விடை.

2. ஊர்திக் காற்றுப்பதனத்தில் ஈரம் இருமுகம் கொண்டது. அறைக்காற்றிலிருந்து அகற்ற வேண்டியதும் அதுவே. சுற்றுக்குள் புகவிடக் கூடாததும் அதுவே.

3. பழுதறிதல் முறை வரலாற்றின் அடுக்குகளைக் கொண்டது. குறியீட்டெண்ணை மட்டும் நம்புவதும், வளிமம் நிரப்புவதோடு நிறுத்துவதும் ஏதேனும் ஓர் அடுக்கைத் தாண்டிச் செல்வதாகும்.

4. கசிவைச் சரிசெய்யாத பழுதுநீக்கம் பன்னாட்டு உடன்படிக்கைகளின் பயனையும் பணிமனை வாயிலிலேயே இழக்கச் செய்யும்.

தறிக்கூடத்துக் காற்றையும் பணிமனை அறிவையும் நுட்ப வரலாற்றின் சான்றுகளாகக் கொண்டு, ஆரணி போன்ற தொழில்நகரங்களில் கள ஆய்வு மேற்கொள்ளலாம். நெசவாளரிடமும் ஊர்திப் பழுதுநீக்குநரிடமும் வழங்கும் ஈரம், வெப்பம், பதம் பற்றிய சொற்களைத் தொகுப்பது அதன் முதற்பணியாக அமையும். அத்தொகுப்பு சொல்லாய்வுக்கும், தமிழ்வழித் தொழிற்கல்விக்கான பாடநூல்களுக்கும் ஒருசேரப் பயன்படும்.